வீட்டுக்காரர் கடனும் குடியிருப்போர் உரிமையும்

தமிழக நீதிமன்ற வளாகங்களில் அன்றாடம் புழங்கும் சொற்களில் கணிசமானவை அரபு மூலத்திலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. வக்கீல், தாவா, வாய்தா, ஜாமீன், ராஜி, ரத்து, ஆஜர், வசூல், அசல், பாக்கி என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றுள் சாமானிய மக்களின் நெஞ்சில் அச்சம் விளைவிப்பவை இரண்டு. ஒன்று ‘ஜப்தி’. பிடித்து வைத்தல், கட்டுக்குள் கொண்டுவருதல் எனப் பொருள்படும் ‘ழப்த்’ என்பது அதன் வேர். மற்றொன்று ‘அமீனா’. நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருள் கொண்ட ‘அமீன்’ என்ற சொல்லே இவ்வாறு மருவியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னரே மக்கா மக்களால் ‘அல்அமீன்’ என அழைக்கப்பட்டதை நாம் அறிவோம். நீதிமன்றத்தின் ஆணையை நிறைவேற்ற வருபவர் இரு தரப்பாருக்கும் பொதுவான நம்பிக்கையாளராக இருக்க வேண்டும் என்பதே அந்தப் பதவிப் பெயரின் கருத்து.

ஆனால், அமீனா வந்திருக்கிறார் என்ற செய்தி எந்த வீட்டையும் நிலைகுலையச் செய்துவிடுகிறது. கடன்பட்டவர் வீட்டுக்கு அவர் வருவதிலாவது ஒரு முறை உண்டு. கடனோடு எந்தத் தொடர்பும் இல்லாத, மாதந்தோறும் வாடகையை ஒழுங்காகச் செலுத்திவரும் ஒரு குடும்பத்தின் வாசலுக்கு, வீட்டுக்காரர் பட்ட கடனுக்காக அவர் வந்து நின்றால் அக்குடும்பம் என்ன செய்ய வேண்டும்? அதன் பண்டபாத்திரங்களை அவர் எடுத்துச் செல்லலாமா? வாடகையை இனி யாரிடம் கொடுப்பது? வீடு ஏலம் போனால் அன்றே வெளியேற வேண்டுமா? வங்கி வந்து பூட்டினால் கதி என்ன? நம் ஊர்களில் பலரும் இக்கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே வீட்டைக் காலி செய்துவிடுகின்றனர். சிலர் வெளியேற மறுத்து வம்பில் மாட்டிக்கொள்கின்றனர். இந்நாட்டுச் சட்டமும் நமது ஃபிக்ஹு நூல்களும் இதுபற்றிக் கூறுவனவற்றை இக்கட்டுரையில் தொகுத்துக் காண்போம்.

விளக்கத்தின் எளிமை கருதி, மதரஸாப் பாடநூல்களின் வழக்கத்தைப் பின்பற்றி மூன்று பெயர்களை வைத்துக்கொள்வோம். வீட்டின் சொந்தக்காரர் ஜைது. அதில் வாடகைக்குக் குடியிருப்பவர் அம்ரு. ஜைதுக்குக் கடன் கொடுத்தவர் பக்ரு. பக்ரு நீதிமன்றம் சென்று ஜைதின் மீது தீர்ப்பாணை பெற்றுவிட்டார். ஜைது கட்டவில்லை. இப்போது பக்ரு நிறைவேற்று மனுப் போட்டிருக்கிறார். இதுதான் நிலைமை.

கடன் யார் மீது?

இஸ்லாமியச் சட்டவியலில் கடன் என்பது கடன்பட்டவரின் ‘திம்மா’வில், அதாவது அவருடைய தனிப்பட்ட பொறுப்பில் தங்குவது. அது அவரைச் சார்ந்தது. அவர் வீட்டில் தற்செயலாக இருக்கும் மனிதரையோ பொருளையோ சார்ந்ததன்று. ஒருவர் சுமையை மற்றவர் மேல் ஏற்றலாகாது என்ற குர்ஆனிய நெறியின் நேரடி விளைவு இது. அம்ரு பொறுப்பாளியாக வேண்டுமெனில் அவர் ஜைதுக்காக ஜாமீன் நின்றிருக்க வேண்டும்.

இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் (1908) இதையே அடிப்படையாகக் கொள்கிறது. அதன் 60ஆம் பிரிவின்படி, தீர்ப்புக் கடனாளிக்குச் சொந்தமான சொத்தையும், தம் நலனுக்காக அவர் கையாளும் உரிமை பெற்ற சொத்தையுமே ஜப்தி செய்யலாம். அந்தக் கடனாளிக்குங்கூட, உடுத்தும் ஆடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், சமய வழக்கப்படி பெண்கள் கழற்றலாகாத அணிகள் முதலியவற்றைச் சட்டம் விட்டுவைக்கிறது. கடனாளிக்கே இத்தனை விலக்கு இருக்கையில், கடனாளியே அல்லாத அம்ருவின் பொருள் பற்றிக் கேள்விக்கே இடமில்லை.

இக்கொள்கை எல்லா நாட்டிலும் எப்போதும் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில், வாடகைப் பாக்கிக்காக நீதிமன்றம் செல்லாமலேயே வீட்டிலுள்ள பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு இருந்தது. இடையில் ஒருவர் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, அதில் வேறொருவரை உள்வாடகைக்கு வைத்திருந்தால், இடைக்காரரின் பாக்கிக்காக உள்வாடகைக்காரரின் மேசையும் கட்டிலும் பறிபோயின. அவ்வாறு அல்லலுற்றோரைக் காக்க 1871இல் ஒரு சட்டமும் 1908இல் மற்றொரு சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது. அந்தப் பழைய உரிமை முற்றாக நீக்கப்பட்டது 2014 ஏப்ரலில்தான். பிறர் கடனுக்குக் குடியிருப்பவரின் பொருள் பொறுப்பாகாது என்பது இன்று நமக்கு வெளிப்படையான நியாயமாகத் தோன்றினாலும், பல தலைமுறைகள் அல்லற்பட்ட பின்பே அங்கு அது சட்டமாயிற்று.

அமீனா வாசலுக்கு வரும்போது

அமீனா எந்த வேலையாக வந்திருக்கிறார் என்பதை அறிவதே முதற்பணி. அவரிடம் நீதிமன்ற முத்திரையும் கையொப்பமும் தேதியும், எந்த நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற குறிப்பும் கொண்ட கட்டளை இருக்கும். வழக்கின் எண், கடனாளியின் பெயர், எதற்கான கட்டளை என்பவற்றைப் படித்துப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள அம்ருவுக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

அசையும் பொருள்களை ஜப்தி செய்யவே அவர் வந்திருப்பாரானால், 62ஆம் பிரிவு சில வரம்புகளை விதிக்கிறது. சூரியன் மறைந்த பின்னரும் உதிக்கும் முன்னரும் குடியிருப்பு வீட்டினுள் அவர் நுழையக் கூடாது. வீடு தீர்ப்புக் கடனாளியின் குடியிருப்பில் இருந்து, அவர் வழிவிட மறுத்தால் மட்டுமே வெளிக்கதவை உடைக்கலாம். வீட்டில் குடியிருப்பவர் அம்ருவாக இருக்கும்போது, ஜைதின் கடனுக்காக அந்த வெளிக்கதவை உடைக்க இப்பிரிவு இடம் தரவில்லை. ஆயினும் முறையாக உள்ளே வந்துவிட்டால், கடனாளியின் பொருள் இருப்பதாக நம்பக் காரணமுள்ள அறையின் கதவைத் திறக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

அதே பிரிவில் நம் சமூகம் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு விதியும் உள்ளது. நாட்டு வழக்கப்படி வெளியார் முன் வராத பெண் ஓர் அறையில் இருப்பாரானால், அவர் அங்கிருந்து விலகிச் செல்லலாம் என்று அமீனா முன்கூட்டி அறிவிக்க வேண்டும். விலகுவதற்குப் போதிய அவகாசமும் வசதியும் தந்த பிறகே அவ்வறைக்குள் நுழைய வேண்டும். கோஷா முறை பரவலாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட இவ்விதி இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று நுழைவது பற்றிய குர்ஆனின் போதனையை அறிந்த நமக்கு இதன் மதிப்பு விளங்கும். ஆண்கள் வெளியே சென்றிருக்கும் பகல் வேளையில் அமீனா வந்தால், பெண்கள் பதறாமல் இந்த அவகாசத்தைக் கேட்டுப் பெறலாம்.

வீட்டில் ஜைதுக்குச் சொந்தமான பீரோவோ மின்சாதனமோ இருந்தால் அவற்றை மறைக்கக் கூடாது. அது சட்டத்துக்கும் அமானிதத்துக்கும் மாறானது. அம்ருவின் பொருளையே தவறாகப் பட்டியலில் சேர்த்துவிட்டால், கைகலப்பில் இறங்காமல், ‘இது எனது உடைமை’ என்று எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, உடனே அதே நீதிமன்றத்தில் 21ஆம் கட்டளையின் 58ஆம் விதிப்படி உரிமை மனுப் போட வேண்டும். பொருள் ஏலம் போன பிறகோ, வேண்டுமென்றே தாமதித்தோ போடும் மனுவை நீதிமன்றம் ஏற்காது. கடை ரசீதும், பெயர் பொறித்த உத்தரவாத அட்டையும் அன்று பேசும் சாட்சிகள்.

வாடகையை யாரிடம் கொடுப்பது?

பொருளுக்கு அடுத்தபடியாகப் பக்ருவின் பார்வை வாடகையின் மீது விழும். அம்ரு ஜைதுக்குச் செலுத்த வேண்டிய வாடகை, ஜைதைப் பொறுத்தவரை வரவேண்டிய கடன். வரவேண்டிய கடனையும் நீதிமன்றம் ஜப்தி செய்யலாம். ஜைது அதைப் பெறக் கூடாது, அம்ரு அதைக் கொடுக்கக் கூடாது என்று தடையாணை வரும். தொகையை நீதிமன்றத்தில் செலுத்துமாறு அறிவிப்பும் வரலாம்.

பெரும்பாலான தவறுகள் இந்தக் கட்டத்தில்தான் நேர்கின்றன. ஜைது அம்ருவிடம் வந்து, ‘நோட்டீஸ் கிடக்கட்டும், எப்போதும்போல் என்னிடமே கொடுங்கள்’ என்பார். பல ஆண்டுப் பழக்கம், முகத்தாட்சண்யம். அம்ரு கொடுத்துவிடுவார். ஆனால் தடையாணைக்குப் பிறகு கடனாளியிடம் கொடுத்த பணம், பக்ருவின் கோரிக்கையைப் பொறுத்தவரை செல்லாது என்று 64ஆம் பிரிவு கூறுகிறது. அதே வாடகையை இரண்டாம் முறை கட்ட வேண்டிய நிலை அம்ருவுக்கு ஏற்படும். நீதிமன்றத்தில் செலுத்திவிட்டாலோ, ஜைதிடமே செலுத்தியதற்கு ஒப்பாக அவர் பொறுப்பு தீர்ந்துவிடும். வாடகை கட்டவில்லை என்று சொல்லி ஜைது பின்னால் அவரை வெளியேற்றவும் இயலாது.

வீடு கைமாறிய செய்தியே தெரியாமல் பழைய சொந்தக்காரரிடம் வாடகை கொடுத்துவந்தவர் நிலை வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் (1882) 109ஆம் பிரிவின்படி, மாற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இல்லாத நிலையில் கொடுத்த வாடகையைப் புதிய சொந்தக்காரர் மீண்டும் கேட்க முடியாது. எனவே அறிவிப்பு எந்த நாளில் கைக்கு வந்தது என்பது முக்கியம். வாடகையை வங்கி வழியாகவோ ரசீது பெற்றோ கொடுத்திருந்தால்தான் தேதியை மெய்ப்பிக்க முடியும்.

வீடு ஏலம் போனால்

வீட்டையே ஜப்தி செய்வது மூன்றாம் படி. அப்போது நீதிமன்றம் யாரையும் உடனே வெளியேற்றுவதில்லை. இவ்வீட்டை ஜைது விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தடையாணையைத் தண்டோரா போட்டோ வழக்கமான வேறு முறையிலோ அறிவித்து, வீட்டின் கண்ணில் படும் இடத்தில் அதன் நகலை ஒட்டுவர். சுவரில் ஒட்டிய இத்தாளைக் கண்டே பல குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகின்றன. அத்தாள் ஜைதுக்கு இடப்பட்ட தடை. முன்பே குடியிருக்கும் அம்ருவை வெளியேறச் சொல்லும் ஆணையன்று.

ஜப்திக்குப் பிறகு புதிதாகச் செய்யும் வாடகை ஒப்பந்தமோ பக்ருவைக் கட்டுப்படுத்தாது. புதிதாக வீடு தேடுவோர், கதவில் ஒட்டிக் கிழிக்கப்பட்ட தாளின் தடம் தெரிந்தால் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

ஏலம் முடிந்து வாங்கியவருக்குச் சொத்தை ஒப்படைக்கும்போது சட்டம் இரு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்கிறது. வீட்டில் கடனாளியே இருந்தால் அவரை வெளியேற்றிக் கையில் ஒப்படைப்பர். குடியிருக்க உரிமையுள்ள வாடகைதாரர் இருந்தால், 21ஆம் கட்டளையின் 96ஆம் விதிப்படி, விற்பனைச் சான்றின் நகலை வீட்டில் ஒட்டி, ஜைதின் உரிமை இன்னாருக்கு மாறிவிட்டது என்று பறையறைந்து அறிவிப்பதே ஒப்படைப்பாகும். அம்ரு வீட்டிலேயே இருப்பார். அன்று முதல் அவருடைய வீட்டுக்காரர் ஏலம் எடுத்தவர்; ஜைதுக்கிருந்த உரிமைகளும் பொறுப்புகளும் அவரைச் சேரும். அம்ரு வெளியேற வேண்டுமென்றால் அவர் தனியே வாடகைச் சட்டத்தின் வழியில் செல்ல வேண்டும்.

இதை மீறி அம்ருவை வெளியேற்ற முற்பட்டால், தம் உரிமையை நிறைவேற்று நீதிமன்றத்திலேயே விசாரித்துத் தீர்க்குமாறு அவர் கேட்கலாம். வெளியேற்றப்படும் வரை காத்திராமல் முன்னதாகவே இவ்வாறு கேட்கலாம் என்பதை 1997ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வெளியேற்றியே விட்டால் அந்நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். இத்தவணை குறுகியது என்பதை மறக்கக் கூடாது.

வங்கியின் தனிவழி

இதுவரை கூறியவை நீதிமன்றத் தீர்ப்பாணையின் வழி நடப்பவை. கடன் கொடுத்தது வங்கியாக இருந்து, வீடு அதனிடம் ஈடாக இருந்தால் வழி வேறு. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், ஈட்டுச் சொத்தை வழக்குத் தொடுக்காமலேயே கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியது. முதலில் கடனாளிக்கு 60 நாள் கெடு வைத்த அறிவிப்பு. பிறகு சொத்தைக் கைப்பற்றும் அறிவிப்பு. அதை வீட்டில் ஒட்டுவதோடு இரு நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். நேரடியாகக் கைப்பற்ற இயலாதபோது, தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவர் அல்லது மாவட்ட ஆட்சியரின் உதவியை வங்கி நாடும். முதல் அறிவிப்பு ஜைதுக்குத்தான் போகும். அம்ருவுக்குச் செய்தி எட்டுவது பெரும்பாலும் சுவரில் தாள் ஒட்டிய பிறகே.

வங்கியின் வேகத்துக்கும் வாடகைதாரரின் பாதுகாப்புக்கும் இடையே எல்லைக்கோடு வரைய உச்ச நீதிமன்றம் 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் தீர்ப்புகள் வழங்கியது. வாடகைச் சட்டம் தரும் பாதுகாப்பைச் சர்ஃபாசி சட்டத்தைக் கொண்டு துடைத்தெறிய முடியாது என்றது 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உண்மையான வாடகைதாரர் யார் என்பதை 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரையறுத்தது. அதன் சாரம் மூன்று நிலைகளாக அமையும்.

வீட்டை வங்கியில் ஈடு வைக்கும் முன்பே அம்ரு முறையாகக் குடியேறியிருந்தால் அவருடைய உரிமை வலுவானது. ஒப்பந்தம் சட்டப்படி முடிவுறும் வரை வங்கி அவரை அசைக்க முடியாது. ஈடு வைத்த பிறகு, 60 நாள் அறிவிப்புக்கு முன்பு குடியேறியிருந்தால், அவ்வாடகை ஈட்டுப் பத்திரத்தின் நிபந்தனைக்கும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவுக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். நியாயமான வாடகை, முன்கூட்டிய மொத்தத் தொகை இன்மை, கட்டடமாயின் மூன்றாண்டுக்கு மேற்படாத காலம் ஆகியன அப்பிரிவின் நிபந்தனைகளுள் அடங்கும். அறிவிப்புக்குப் பிறகு வங்கியின் எழுத்து அனுமதியின்றிக் குடிவைக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை.

இம்மூன்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை உரிமை கோருவோர் பதிவு செய்த பத்திரம் காட்ட வேண்டும். வாய்மொழி ஒப்பந்தமோ பதியாத தாளோ அவ்வளவு தூரம் தாங்காது. வங்கியின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவர் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். வாடகைதாரரின் கோரிக்கையை அத்தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

இரு மத்ஹபுகளின் பார்வை

இதே சிக்கலை நமது சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்து விவாதித்துள்ளனர் என்பது பலர் அறியாத செய்தி. தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றன. இவ்விரண்டும் இங்கே இருவேறு முடிவுகளுக்கு வருகின்றன.

வாடகை ஒப்பந்தமான ‘இஜாரா’ என்பது பொருளின் பயனை, அதாவது ‘மன்ஃபஅத்’தை விற்பது என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. வீடு என்ற பொருள் ஜைதிடம் இருக்க, அதில் குறித்த காலம் வசிக்கும் பயன் அம்ருவுக்கு உரியதாகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான ‘மின்ஹாஜ்’ நூலில் இமாம் நவவீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 676) கூறும் வலுவான கருத்துப்படி, வாடகைக்கு விட்ட வீட்டைப் பிறருக்கு விற்பது செல்லும், ஆனால் வாடகை ஒப்பந்தம் அதனால் முறிவதில்லை. வாங்கியவர் காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் நொடித்துப்போனாலும், குறித்த வீட்டின் பயன் ஏற்கெனவே அம்ருவுக்கு உரியதாகிவிட்டதால், ஈடு பெற்றவரைப் போல அவர் மற்றக் கடன்காரர்களுக்கு முந்துகிறார்.

ஹனஃபி மத்ஹபோ, தவிர்க்கவியலாத காரணம் (‘உத்ர்’) ஏற்பட்டால் இஜாராவை முறிக்கலாம் என்கிறது. அதற்கு இமாம் மர்கீனானீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 593) தமது ‘ஹிதாயா’வில் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நமது பொருளேதான். வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டவர் நொடித்து, அதை விற்றாலன்றி அடைக்க முடியாத கடன் அவர்மேல் விழுந்தால், காழி ஒப்பந்தத்தை முறித்துச் சொத்தை விற்றுக் கடனை அடைப்பார். இந்நூலே 1791இல் ஹாமில்டனால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டு, பிரிட்டிஷ் இந்திய நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்டத்துக்கு ஆதாரமாக விளங்கியது.

இவ்விரு முடிவுகளையும் கடினம், இளக்கம் என்று தரம் பிரிப்பது பொருந்தாது. குடியிருப்பவரின் வாங்கப்பட்ட பயனை ஒரு மத்ஹபு முன்னிறுத்துகிறது. கடனாளி கடனோடு சாகலாகாது, கடன் கொடுத்தவரின் ஹக்கு தாமதிக்கலாகாது என்பதை மற்றது முன்னிறுத்துகிறது. ஹனஃபி நிலையிலும் முறிப்பவர் காழியே. கடன்காரர் தாமாகவே வந்து அம்ருவைத் தெருவில் நிறுத்த அனுமதியில்லை. ஷாஃபிஈ நிலையிலும் வரம்பு உண்டு. ஏற்கெனவே ஈடாக வைத்த வீட்டை, கடன் தவணைக்குள் முடியாத வாடகைக்கு விடும் உரிமை ஈடு வைத்தவருக்கு இல்லை என்று அதே மின்ஹாஜ் கூறுகிறது. ஈடு முந்தியதா, வாடகை முந்தியதா என்று பார்த்துத் தீர்க்கும் முறை இன்றைய சட்டத்துக்கும் நமது நூல்களுக்கும் பொதுவாக இருப்பது கருதத் தக்கது.

ஒத்தி எனும் கண்ணி

தமிழகத்தில் மிகப் பெரிய இழப்பு மாத வாடகைக்காரருக்கு நேர்வதில்லை. ஒத்திக்குக் குடியிருப்போருக்கே நேர்கிறது. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் வசித்து, காலி செய்யும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது ஒத்தி. போக்கியம் என்றும், பேச்சுவழக்கில் ‘லீஸ்’ என்றும் இதைச் சொல்கின்றனர். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணமும், மகளின் திருமணத்துக்கென எடுத்துவைத்த சேமிப்பும் இவ்வழியில் முடங்கிக் கிடப்பதை நம் ஊர்களில் காண்கிறோம்.

மார்க்க நோக்கில் இது ஐயத்துக்குரியது. கொடுத்த தொகை முழுதும் திரும்ப வருவதால் அது கடன். கடனுக்குப் பகரமாக வீட்டின் பயனை நிபந்தனையிட்டு அனுபவிப்பது வட்டியின் சாயலுடையது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மத்திய ஆசியாவில் தோன்றி ஹனஃபி நூல்களில் விவாதிக்கப்பட்ட ‘பைஉல் வஃபா’ என்னும் மீட்பு விற்பனையோடு இதை ஒப்பிட்டு இடம் தேடியோரும் உண்டு. அவ்விவாதத்தை விரிப்பது இங்கு நம் நோக்கமன்று.

சட்ட நோக்கில் இது மேலும் ஆபத்தானது. சொத்தின் அனுபோகத்தை ஒப்படைக்கும் அடமானம் செல்ல வேண்டுமானால் இரு சாட்சிகளுடன் பதிவு செய்த பத்திரம் தேவை. நம் மக்களோ இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, பதியாமல் பெட்டியில் வைத்துக்கொள்கின்றனர். வீடு முன்பே வங்கியில் ஈடாக இருந்தால், 65ஏ பிரிவு விலக்கும் ‘முன்கூட்டிய மொத்தத் தொகை’ இதுவேதான். வங்கி வரும் நாளில் அம்ருவுக்கு வீட்டில் இருக்கும் உரிமையும் இராது. கொடுத்த லட்சங்களை, ஏற்கெனவே நொடித்துப்போன ஜைதிடம் ஈடற்ற கடன்காரராக நின்று கேட்க வேண்டியிருக்கும். ஜைது ஒத்திக்கு விட்டதற்கே காரணம், வங்கித் தவணை கட்டப் பணம் இல்லாமையாக இருந்திருக்கலாம்.

அவர் கடனை நாம் கட்டினால்

சில வேளைகளில் ஜைதின் பாக்கி சிறியதாகவும் அதனால் வரும் கேடு பெரியதாகவும் இருக்கும். அவர் கட்டாத சொத்து வரிக்காக வீடு நடவடிக்கைக்கு உள்ளாகலாம். வீட்டுக்காரர் கட்ட வேண்டியதும், கட்டாவிட்டால் குடியிருப்பவரிடமிருந்தோ சொத்திலிருந்தோ வசூலிக்கத் தக்கதுமான தொகையை அம்ருவே கட்டிவிட்டு, வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ள சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடமளிக்கிறது. வட்டியை விடுத்து அசலை மட்டும் கழித்துக்கொள்வது நம் விருப்பத்தைப் பொறுத்தது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 69ஆம் பிரிவும் இதற்குத் துணை நிற்கிறது. ஜமீன்தார் கட்டாத அரசு வரிக்காக நிலம் ஏலத்துக்கு வர, தம் குத்தகை அழியாமலிருக்கக் குத்தகைதாரர் அவ்வரியைக் கட்டினால் ஜமீன்தார் அதை ஈடுசெய்தாக வேண்டும் என்பது அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு. கட்டும்போது தம் பெயரில் ரசீது பெறுவதும், கழிக்கும் முன் ஜைதுக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம்.

எழுத்தே காவல்

மேலே கண்ட ஒவ்வொரு கட்டத்திலும் அம்ருவைக் காப்பது அல்லது கைவிடுவது ஒன்றே: அவரிடம் உள்ள எழுத்து. எந்தத் தேதியில் குடியேறினார், எவ்வளவு கொடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்பதை மெய்ப்பிக்க முடிந்தால் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. முடியாவிட்டால் இருபதாண்டுக் குடியிருப்பும் பயனற்றுப் போகலாம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்பது அதன் போதனை. அடுத்த வசனம் ஈட்டைப் பற்றியது. தொழுகையைப் பேணும் நாம், இந்த நீண்ட வசனத்தை நடைமுறையில் பேணுவதில் பின்தங்கியிருக்கிறோம். ‘நமக்குள் எதற்குப் பத்திரம், நம்பிக்கை போதாதா’ என்ற பேச்சு நம்மிடையே பண்பாடாகவே கருதப்படுகிறது. எழுதி வைப்பதால் நம்பிக்கைக்குப் பழுது நேர்வதில்லை. ஜைது நல்லவராகவே இருக்கலாம். நாளை வாசலுக்கு வருபவர் ஜைதல்லவே.

எனவே வீடு எடுக்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவுக்கு வந்த பத்திரங்களையே அது காட்டும் என்பதால், ஈட்டுக் கடன்களுக்கென 2011இல் ஏற்படுத்தப்பட்ட ‘செர்சாய்’ என்னும் மத்தியப் பதிவகத்திலும் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாயின் பதிவுச் சட்டப்படியும் பதிய வேண்டும். வாடகையை வங்கி வழியே செலுத்துவதும், மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் அம்முகவரி தேதியுடன் இருப்பதும் துணைச் சான்றுகள். அறிவிப்பு வந்துவிட்டால் ஒரு நாளும் வீணாக்காமல் வழக்குரைஞரைக் காண வேண்டும். செலவுக்கு வழியில்லாதோர்க்கு நீதிமன்ற வளாகங்களிலேயே இலவசச் சட்டப் பணிக் குழுக்கள் உள்ளன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி அவ்வுதவியைப் பெறலாம். கணவர் வெளிநாட்டில் இருக்கத் தனித்து நிற்கும் தாய்மார்கள் இதை அறிந்திருப்பது நலம்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. திருமணப் பதிவேட்டை எவ்வளவு கவனமாகப் பேணுகிறோமோ, அதே கவனத்துடன் மஹல்லாவில் நடக்கும் வாடகை, ஒத்தி உடன்படிக்கைகளுக்கு எழுத்தும் சாட்சியும் அமைய வழிகாட்டலாம். வெள்ளிக்கிழமை உரைகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் 282ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் எழுதுவது எப்படி, எங்கே பதிவது என்று விளக்கலாம். அமீனா ஒரு நாள் வாசலில் நிற்கும்போது, கட்டளையை வாங்கிப் படித்து, தம் பத்திரத்தை எடுத்து நீட்டக் கூடிய நிலையில் ஒவ்வொரு குடும்பமும் இருக்க வேண்டும் என்பதே நம் விழைவு.